கசக்காத மாத்திரை

மகளுக்கு அந்த வாரம் மூன்றாவது முறையாக வலிப்பு வந்தது. இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காத நோய். அளவை இரட்டிப்பாக்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிவிட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. வேளை தவறாமல் அப்பாவே கொடுக்கிற மருந்து ஏன் திடீரென்று கேட்காமல் போகும்?

"அம்மா, இப்பல்லாம் மாத்திரை கசக்கவே இல்ல, தெரியுமா?" என்றாள் மகள், ஷூவை மாட்டிக்கொண்டே.

அம்மா டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தாள். வெறும் சுண்ணாம்பு.

கணவர் லேத் பட்டறைக்காரர். அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்தாள். கால்சியம் மாத்திரைகள், உப்புத்தாள், வெள்ளைப் பொடி படிந்த வெர்னியர் அளவுகோல். ஓரத்தைத் தேய்த்து, நடுக்கோட்டை ரம்பத்தால் கீறி, அச்சு அசலாகச் செய்திருந்தார். தூக்கத்துக்கென்று அவருக்கு எழுதிக் கொடுத்த அதே மருந்து தீர்ந்ததும் மகளின் டப்பாவில் கை வைத்திருக்கிறார்.

நாற்காலியில் சரிந்திருந்தவரின் எச்சில் சட்டைப் பொத்தான் வரை இறங்கியிருந்தது. இத்தனை நாளும் அதை வேலை அலுப்பு என்று நினைத்துத் துடைத்துவிட்டவள் அவள்தான்.

"என்னங்க இது?"

குழறலாகச் சிரித்தார். "கால் மில்லிமீட்டர் வித்தியாசம் கிடையாது. மருந்துக்கடைக்காரி, நீயே ஏமாந்துட்ட பாத்தியா?"

அந்தப் பெருமையோடு அவள் பேச்சிலிருந்த 'ங்க' போய்விட்டது.

"பெத்த பிள்ள வாயில சுண்ணாம்பப் போட்டுட்டு, அளவு சரியா இருக்குன்னு சொல்றியா?"

"டாக்டர்தான் ரெண்டு மடங்கு எழுதிட்டாரே, ஆளுக்குப் பாதி..."

அந்த மருந்து வேலை செய்யும் விதம் அவளுக்குத் தெரியும். மூளையின் படபடப்பை அடக்கும். போகப்போக உடம்பு பழகும், ஈரல் அதை வேகமாகக் கரைத்துத் தள்ளும், ஒரு மாத்திரை நான்காகும். ஆனால் மூச்சை நிறுத்தும் அளவு அதோடு சேர்ந்து உயராது. மயக்கத்துக்கும் சாவுக்கும் நடுவே இருக்கும் இடம் சுருங்கிக்கொண்டே வரும். சட்டென்று நிறுத்தினாலோ, அடங்கிக் கிடந்த மூளை துள்ளும். மகளுக்கு நேர்ந்ததும் அதுதான்.

டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு உடனே பிள்ளையைத் தூக்கி வரச் சொன்னார்.

நாற்காலியிலிருந்து அவன் தரையில் நழுவி அவள் காலைப் பிடித்தான். "கடையிலருந்து ஒண்ணே ஒண்ணு கொண்டா. நிறுத்தினா எனக்கும் இழுக்கும். உனக்குத் தெரியாதா?"

தெரியும். நிஜம்தான். மகளுக்கு இழுத்தபோது மறந்துபோன பாடம் தனக்கென்றால் மட்டும் ஞாபகம் வருகிறது.

காலை உதறிவிட்டுக் கொழுந்தனுக்குப் போன் போட்டாள். "தம்பி, உங்க அண்ணன உடனே ஆஸ்பத்திரில சேருங்க. அங்க வச்சுதான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும், வீட்டுல விட்டா உயிருக்கு ஆபத்து. நீங்க வர்ற வரைக்கும் பக்கத்து வீட்டு அண்ணன உக்காரச் சொல்றேன்."

"நீங்க வரலையா அண்ணி?"

"நான் எம்பொண்ணோட போறேன். இவரு திரும்பி வரும்போது நாங்க இங்க இருக்க மாட்டோம்."

அவன் எச்சில் கை பட்ட இடத்தைக் குழாயடியில் இரண்டு தடவை தேய்த்துக் கழுவினாள். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டாள்.