ஒரு சாண் கேபிள்

...அப்படியென்றால் அவன் முன்கூட்டியே தயாராக இருந்திருக்கிறான், வேறு எப்படி, என் கிட்டார் நின்ற அதே நொடியில் அரவிந்தனின் கீபோர்டிலிருந்து கிட்டார் சத்தம் வருகிறது, ஒரு சுரம் பிசகவில்லை, நான் இழுத்து வாசிக்கிற இடத்தில் அவனும் இழுக்கிறான், ஒருமுறை என்றால் கெட்டிக்காரத்தனம் என்று விட்டுவிடலாம், மூன்று முறை என்றால்? வலங்கைமான் கல்யாண வரவேற்பில் ஒன்று, திருப்பனந்தாள் பக்கம் ஒரு கோயிலில் ஒன்று, போன வாரம் மன்னார்குடியில் ஒன்று, மூன்றிலும் நான் தனியாக வாசிக்க வேண்டிய இடத்தில்தான்... கேபிள்தான் போயிருக்கும்மா, நல்லதா பாத்து வாங்கிப் போடு என்றார் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துகிற இளையபெருமாள் மாஸ்டர். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா, நாளைக்குத் தஞ்சாவூர் மண்டபத்திலும் கட் ஆச்சுன்னா கிட்டார் பிட்டையெல்லாம் அரவிந்தனே பாத்துக்கட்டும், நீ கொஞ்ச நாள் உக்காரு என்றார். கொஞ்ச நாளாம். எங்கள் குழுவில் கொஞ்ச நாள் உட்கார்ந்தவர்கள் யாரும் திரும்ப மேடையேறி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த ஐப்பசி மழையில், லீவு போட்டு, பெடல் பலகையைப் பையில் வைத்து முதுகில் மாட்டிக்கொண்டு, ஜாஃபர் சாதிக் பாயின் இசைக்கருவிக் கடையில் வந்து நிற்கிறேன், ஒரு சாண் நீளக் கேபிள் மூன்று வாங்க.

பலகையில், காலால் மிதித்துக் கிட்டார் சத்தத்தை மாற்றுகிற நாலு பெடல், ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சத்தம் போக நடுவில் ஒரு குட்டிக் கேபிள், நாலுக்கு மூன்று, அவ்வளவுதான் விஷயம், அந்த மூன்றில் ஒன்று மூச்சை நிறுத்தினால் மேடையில் நான் வெறும் கட்டையைத் தடவிக்கொண்டு நிற்பேன். பாய் ஏழெட்டு வகை எடுத்து மேசையில் பரப்பினார், எல்லாம் ஒரே வேலைதாம்மா செய்யும், உனக்கு எது புடிக்குதோ எடு என்றார். இப்படிச் சொல்கிற கடைக்காரரை நம்பலாமா? விலை கூடியதைத் தலையில் கட்டுகிறவர் என்றால் நமக்கும் பேச வரும், எது வேண்டுமானாலும் எடு என்கிறவரிடம் எப்படி எச்சரிக்கையாக இருப்பது? தட்டையாக ஒன்று, பலகையில் இடம் அடைக்காது, ஆனால் வளைத்தால் உள்ளே கம்பி முறியாது என்று யார் சொன்னது? பிளக்கோடு சேர்த்து ரப்பரை உருக்கி ஊற்றியது ஒன்று, பார்க்க உறுதி, ஆனால் திறந்து பார்க்க வழியில்லை, உள்ளே ஒழுங்காகப் பற்றவைத்திருக்கிறானா இல்லை சும்மா ஒட்டிவைத்திருக்கிறானா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். மரை கழற்றி உள்ளே பார்க்கிற மாதிரி உலோக பிளக் ஒன்று இருந்தது, கை தானாக அதற்குப் போனது. எனக்கு எதையும் திறந்து பார்க்க வேண்டும். நான் வேலை பார்ப்பது விதைப் பரிசோதனை நிலையத்தில், நெல்லை எண்ணி ஈரத்தாளில் வைத்துப் பதினாலு நாள் கழித்து எத்தனை முளைத்தது என்று எழுதுவேன், கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் முதல் தரம் மேடம் என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும், நான் தாளைத்தான் நம்புவேன். இந்தச் சந்தேகப் புத்தி வேலையால் வந்தது என்பாள் அம்மா. பிறக்கும்போதே இருந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அரவிந்தனை நான் சும்மா சந்தேகப்படவில்லை. வேனில் சாமான் ஏற்றுவது அவன், இறக்குவது அவன், என் பலகையை யாரையும் தொடவிட மாட்டேன், ஆனாலும் வண்டியில் ஏறிவிட்டால் என் கண்ணா கூடவே போகிறது? குடுங்கக்கா, வெயிட்டா இருக்கும், நான் எடுத்துட்டு வரேன் என்பான். அக்கா. அவன் அப்பா எங்கள் தெரு ஆளை யாரையும் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை, பேர் சொல்லித்தான், அதுவும் முழுப் பேரில்லை. அவர்கள் வயலில் அம்மா நாற்றுப் பறித்திருக்கிறாள், நான் பள்ளிக்கூடம் விட்டு அந்த வரப்பு வழியாகத்தான் வருவேன், அந்த வீட்டுப் பிள்ளை இன்று என்னை அக்கா என்கிறான், உண்மையாகவே சொல்கிறானா, இல்லை வாயில் வந்துவிட்டதா? அவன் உட்கார்ந்து கீபோர்டு வாசிக்க, பக்கத்தில் நான் கிட்டாரோடு நின்றுகொண்டு, கைதட்டு எனக்கு வந்தால் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்காதா? மாஸ்டர் அப்படியில்லை, மாஸ்டர் எங்கள் தெரு, நம்ம ஆள், பெண் பிள்ளைக்கு எதற்குக் கிட்டார் என்று ஊரே கேட்டபோது மேடையில் இடம் கொடுத்தவர், அவருக்கு ஒரு கெட்ட எண்ணமும் இருக்க முடியாது. காலையில் அம்மாவிடம் சொன்னேன், இன்னிக்கு ஆறு மணி ரிகர்சலில் எல்லார் முன்னாலும் கேட்கப்போறேன், வேனில் என் பையைப் பிரிச்சது யாருன்னு. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அந்தப் புள்ள மேல பழி போடாத சுடரு, பாவம் என்றாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஐம்பத்தைந்து வயதாகியும் அந்த வீட்டின் மேல் உள்ள பயம் போகவில்லையே இவளுக்கு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் பேருந்து ஏறினேன்.

பழசு எங்கம்மா, அதைக் காட்டு மொதல்ல, என்றார் பாய். மூன்று பழைய கேபிளையும் கழற்றிக் கொடுத்தேன். ஒரு சின்னப் பெட்டியில் இரண்டு முனையையும் சொருகினார், பச்சை விளக்கு எரிந்தது. கேபிளை வளைத்தார், முறுக்கினார், பிளக்கைப் பிடித்து ஆட்டினார், பச்சை அணையவே இல்லை. இரண்டாவதும் அப்படி. மூன்றாவதற்கு நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், எரிய வேண்டும் எரிய வேண்டும் என்று... எரிந்தது. கேபிள்ல ஒண்ணுமில்லியேம்மா என்றார். அப்பாடா. சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும், வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை, கேபிள் நன்றாக இருந்தால் மனுஷன்தான் கெட்டவன், மாட்டினான், ஆறு மணிக்குக் கேட்க வேண்டியதை இன்னும் கொஞ்சம் காரமாக மனசுக்குள் மாற்றி எழுதினேன். பாய் அதோடு விடவில்லை. பையைத் திறக்கச் சொன்னார், முதல் பெடலைத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டி, கேபிள் சொருகுகிற துளைக்குள் பஞ்சு சுற்றின குச்சியை விட்டுத் திருகினார். வெளியே வந்தபோது பஞ்சு மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சியாம்மா?

வைத்தேன். நான்தான் வைத்தேன், வேறு யாரையும் தொடவிடவில்லையே. சந்தனத்தைக் குழைத்து, மோதிர விரலால், ஒவ்வொரு பெடலுக்கும் இரண்டு பக்கமும், அந்தத் துளை வட்டமாகப் பளபளவென்று இருக்கிறதே, அதற்கு மேலேயே வைத்தால் அழகாக இருக்கும் என்று வைத்தேன், நடுவில் குங்குமம். மறுநாள் ஈரத்துணியால் துடைத்தது யார்? அதுவும் நான். துடைத்தேனா, உள்ளே தள்ளினேனா? வருஷா வருஷம் ஐப்பசி பொறந்தா நாலு பேரு வந்துடுவாங்கம்மா, காஞ்சு கெடக்கும், மழை ஈரம் பட்டா இளகும், கால் வச்சு மிதிக்கிறப்ப பிளக்கு அசைஞ்சா சத்தம் போயிடும், என்று பாய் சிரித்துக்கொண்டே அடுத்த பெடலை எடுத்தார். நான் தனியாக வாசிக்கிற இடத்தில்தான் பெடலை மிதிப்பேன். அதனால்தான் அந்த இடத்தில்... நாலு பெடலிலும் எட்டுத் துளை, எட்டுப் பஞ்சு மேசையில் வரிசையாகக் கிடந்தன, ஒன்றில்கூட அரவிந்தன் கை இல்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நல்ல வேளை, இன்னும் ஆறு மணி ஆகவில்லை, யாரிடமும் கேட்கவில்லை, ஒரு மனுஷனை எல்லார் முன்னாலும் நாறடித்திருப்பேன்.

ஆனால்... சரி, சத்தம் நின்றதற்குச் சந்தனம் காரணம், அதை ஒப்புக்கொள்கிறேன். அவன் தயாராக இருந்ததற்கு? சந்தனமா அவனுக்கு என் வாசிப்பைச் சொல்லிக்கொடுத்தது? வலங்கைமானில்தான் முதல் தடவை, அன்றைக்குப் பார்த்து எப்படி அத்தனையும் தெரிந்திருந்தது? மனசு கேட்கவில்லை, கடை வாசலுக்கு வந்து, சாரல் அடிக்காத ஓரமாக நின்று போன் போட்டேன். தம்பி என்று கூப்பிட்டேன், அதுவரை கூப்பிட்டதில்லை. கேபிளில்லை, பெடலில் சந்தனம், சரியாகிவிட்டது என்றேன். அப்பாடா, நல்லதாப் போச்சுக்கா என்றான், குரலில் சந்தோஷம் இருந்தது, இருந்ததா? கேட்டுவிட்டேன். என் பிட்டு அத்தனையும் உனக்கு எப்படித் தெரியும் என்று. சொன்னான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஆவணியிலேயே மாஸ்டர் உங்க பிட்டு எல்லாத்தையும் கீபோர்டுல படிச்சு வச்சுக்கச் சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

"ஏன்?"

"உங்களைப் பொண்ணு பாத்துட்டுப் போனாங்களே, ஒரத்தநாட்டுக்காரங்க, பொண்ணு மேடையில ஏறக்கூடாதுன்னு சொன்னாங்களாம். உங்கம்மா வந்து மாஸ்டர்கிட்ட பேசியிருக்காங்க. அவளா விட மாட்டா, நீங்களா மெதுவா நிறுத்திடுங்கன்னு. அப்புறமாவது உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்க்கா."

ஆவணியில் வந்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். ஒண்ணும் சொல்லலடி, வேற எடம் பாப்போம் என்றாள் அம்மா, நானும் விட்டது தொல்லை என்று இருந்துவிட்டேன். நெல்லை எண்ணி எண்ணிச் சந்தேகப்படுகிறவள், கடைக்காரரைச் சந்தேகப்படுகிறவள், அக்கா என்ற வார்த்தையைக்கூடத் திறந்து பார்க்க நினைக்கிறவள், அந்த ஒரு பதிலை மட்டும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கச்சேரிக்கும் அம்மா வந்து முன்வரிசையில் உட்காருவாள், மன்னார்குடியில் சத்தம் நின்றபோது நான் முதலில் பார்த்தது அவள் முகத்தைத்தான், தலையைக் குனிந்துகொண்டாள், மகளுக்கு அவமானமாகிவிட்டதே என்று குனிகிறாள் என நினைத்தேன். அப்படித்தான் இருக்கும். அப்படி இல்லாமலும் இருக்கலாம். நாளைக்குச் சத்தம் நிற்காது, முழுசாக வாசிப்பேன், மாஸ்டர் வேறு காரணம் தேடுவார், தேடட்டும், அவரைச் சமாளித்துவிடலாம். அம்மா முன்வரிசையில் இருப்பாளே... உள்ளேயிருந்து பாய் கூப்பிட்டார், புதுசு வேணுமா வேணாமாம்மா, பழசே இன்னும் பத்து வருஷம் ஓடும். உலோக பிளக் வைத்ததில் மூன்று கட்டச் சொன்னேன், எதற்கு என்று எனக்கே தெரியவில்லை, வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாது. இப்போதே அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்கலாம். நேராகக் கேட்டால் மறைக்க மாட்டாள், மறுபடியும் பொய் சொல்ல அவளுக்கு வராது, ஆமாம் என்று சொல்லிவிடுவாள். அரவிந்தனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த இந்த ஒரு மாதம் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.