இறுக்கினாரா?

1.

இந்தக் கதை ஒரு சத்தத்தில் பிறந்தது. என் வீட்டுக்குக் கீழே ஒரு கார் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் 'டொக்' என்றது; குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் போன சத்தம். எழுத வராமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது போதாதா? அந்தக் காரை ஒரு பெண்ணிடம் கொடுத்து மலைப்பாதையில் வாடகைக்கு ஓட்டச் சொன்னேன். அவளுக்கு ஒரு தையல்காரரைக் கணவராக்கினேன்.

முதல் வரி இப்படி இருந்தது: 'அதிகாலைப் பனியில் அந்தக் கார்...' (வேண்டாம். பனிக்கும் ஷாக் அப்சார்பருக்கும் என்ன சம்பந்தம்?)

2.

தையல்காரர் புது ஷாக் அப்சார்பர்களை வாங்கிவந்து, துணி வெட்டும் மேஜையில் கிடத்தியிருக்கிறார். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்பும் இரவல் வாங்கியாயிற்று. மாற்றுவது எப்படி என்ற வீடியோவைப் பார்த்துப் பார்த்து, அதில் வரும் பேச்சு முழுக்க மனப்பாடம்.

"மெக்கானிக்கிட்டயே விட்டுடலாமே," என்கிறாள் மனைவி.

"அவன் பத்து வண்டில ஒண்ணா பாப்பான். நான் நம்ம வண்டின்னு பாப்பேன்."

"போன மாசம் வைப்பரை மாத்துனீங்க. மழை பெஞ்சா அது காத்தைத் துடைக்குது."

(எதற்கு இந்த வீம்பு? அவள் நாள் முழுக்க ரோட்டில், இவர் கடையில். அவள் உட்காரும் வண்டியில் தன் கை பட்ட இடம் ஒன்றாவது இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறார். இதை அவர் வாயால் சொல்லவைக்கப் பார்த்தேன். மசியவில்லை.)

(மெக்கானிக்கிடம் விட்டதாகவும் எழுதிப் பார்த்தேன். நாலு வரியில் எல்லோருக்கும் நிம்மதி, கதைதான் செத்துப்போனது. அடித்துவிட்டேன். ஆகவே இனி நடப்பதற்கு நானும் பொறுப்பு.)

3.

மாற்றியே விட்டார். ஸ்பிரிங் ஒருமுறை 'க்ரீச்' என்று கத்தியபோது அவருக்கு உயிரே போய்வந்தது. சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்கி, பானெட்டை மூடிக் கை துடைத்தார்.

"நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்," என்றார்.

"நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க."

"வேணாம். மொதல்ல நான் தனியா..."

"ஏன்?"

துடைத்த கையை மறுபடி துடைத்தார். துணியை முதலில் தளர்வாக ஓட்டுத்தையல் போட்டுவிட்டு, எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்தபின் அழுத்தித் தைப்பது அவர் தொழில் வழக்கம். ஷாக் அப்சார்பரின் தலையைப் பிடிக்கும், பானெட்டுக்குள் இருக்கும் நட்டுகளையும் அப்படித்தான் கையால் லேசாகத் திருகி வைத்தார், கடைசியில் இறுக்கலாம் என்று. இறுக்கினாரா?

(எழுதியவன் நான். எனக்கே நினைவில்லை. கதையில் மேலே போய்த் தேடினேன். அந்த வாக்கியம் இல்லை.)

4.

பானெட்டைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அவள் முன்னால் திறந்தால், வைப்பர் கதை ஆயுசுக்கும் தொடரும்.

முடிவு ஒன்று: திறக்கிறார். அவள் சிரித்துச் சிரித்து...

முடிவு இரண்டு: திறக்கவில்லை. எல்லாம் இறுகித்தான் இருந்தது. வேகத்தடையில் கார் பூப்போல இறங்கி...

முடிவு மூன்றை எழுதப் பயமாக இருக்கிறது.

'இறுக்கினார்' என்று ஒரே ஒரு சொல்லை மேலே செருகினால் போதும், எனக்குத் தூக்கம் வரும். ஆனால் அந்தச் சொல்லை நம்பி மலை இறங்கப்போவது அவள். மாடியில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படிச் செருகுவது?

"ஏறுங்க, நேரமாச்சு," என்கிறாள். சாவியைத் திருப்பிவிட்டாள். அவர் கை கதவில் இருக்கிறது, கண் பானெட்டில்.

பின்சீட் காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஏறிக்கொள்வதாக இருந்தால், அவரிடம் என்ன சொல்வீர்களோ, அதை இப்போதே சொல்லிவிடுங்கள்.