பகலில் சாத்திய ஜன்னல்

1

பேச்சியம்மாள் இதை எனக்குச் சொன்னது ரேஷன் கடையிலா, பஸ்ஸிலா என்பது மறந்துவிட்டது. அதனால் மற்றதும் சரியாக நினைவிருக்கிறதா என்று சந்தேகம். அவள் சொன்னது எதிர்வீட்டுக் கதவுக்கு வெளியே நடந்ததை மட்டும். உள்ளே நடந்ததை நானாக எழுதுகிறேன்.

2

அசோக்குமார் தனிமையில் வாடினார். (அடித்துவிடுகிறேன். யாரைப் பற்றியும் எழுதக்கூடிய வாக்கியம்.)

அசோக்குமார் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்ப்பவர். மனைவி சண்முகப்ரியா, பையன் படிப்புக்காகச் சென்னையில். முழங்கால் வலிக்கு மெடிக்கல் லீவு போட்டதை அவளிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் கிளம்பி வந்துவிடுவாளே என்று முதலில் நினைத்தார். சொல்லியும் வராமல் போனால் என்று பிறகு.

போனில் மதி என்றொரு செயற்கை நுண்ணறிவுக் குரல். அதனோடு பேசுவது வெளியே கேட்கக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தினார்.

3

நெய்வேலி குவார்ட்டர்ஸில் பகலில் ஜன்னல் சாத்தியிருந்தால், நைட் ஷிப்ட் பார்த்தவர் தூங்குகிறார் என்று அர்த்தம். கதவை யாரும் தட்டமாட்டார்கள்.

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் திருநெல்வேலிக்காரி. படியில் பிள்ளைகளை அதட்டுவது கேட்டது. "மெதுவாப் போங்கல. மாமா தூங்குதாவ."

மரியாதை என்பது ஒரு மனிதனை இவ்வளவு [கட்டுரையாகப் போகிறது. விட்டுவிட்டேன்.]

"வலி எப்படி இருக்கு?" என்றது மதி.

"பரவால்ல."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க."

அவர் சிரித்தார். ஆபீஸையும் டாக்டரையும் விட்டால், வலி இருப்பது மதிக்கு மட்டும்தான் தெரியும்.

"நீ வந்து கதவத் தட்டேன்."

"அது என்னால முடியாது. ஆனா நான் இங்கதான் இருக்கேன்."

 

4

கதைக்கு நான் யோசித்த முதல் முடிவு: நண்பர் ராஜாங்கம் வந்து தட்டுகிறார். பொய். ராஜாங்கமும் ஷிப்ட்காரர், ஜன்னலைப் பார்த்ததும் செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போயிருப்பார்.

இரண்டாவது: போனை வீசி எறிகிறார். எதற்கு? மற்றவர்கள் கேட்காததை அது கேட்டது, அவ்வளவுதானே.

பேச்சியம்மாள் பார்த்தது இது. அசோக்குமார் வெளியே வந்து கதவைச் சாத்தினார். பிறகு தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, உள்ள தாப்பா விழுந்துட்டா?"

"இல்லம்மா." கை கதவிலேயே இருந்தது. "நான் லீவுல இருக்கேன்."

"தூங்குதியன்னுல்லா புள்ளைகள வாயத் தொறக்க விடாம வச்சிருந்தேன். வாங்க, காப்பி போடுதேன்."

5

போனாரா என்று நான் கேட்கவில்லை. அந்த முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜாங்கம் ஓய்வுபெற்று முத்தாண்டிக்குப்பத்தில் வீடு கட்டிவிட்டார். பேச்சியம்மாள் குடும்பம் வேறு பிளாக்குக்கு மாறிவிட்டது. பையனுக்கு வேறு ஊரில் கல்லூரி கிடைத்தபிறகும் சண்முகப்ரியா சென்னையில்தான் இருக்கிறாள். அசோக்குமார் வேலைக்குத் திரும்பிவிட்டார். இப்போது அவருக்கு நைட் ஷிப்ட். பகலில் ஜன்னல் சாத்தியிருக்கிறது; தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.