முன் சக்கரத்து எலுமிச்சம்பழம்

"அந்தப் பாப்பா வண்டியக் கொஞ்சம் அங்கிட்டுத் தூக்கி வைங்கப்பா, பெட்டிய எறக்கணும்ல" என்று பந்தல்காரர் சத்தம் போட்டார்.

யாரோ ஒருவர் குனிந்து வண்டியின் கைப்பிடியில் கை வைத்துவிட்டார். உள்ளே பாப்பா ஒரு ரஸ்க்கைச் சப்பிக்கொண்டு, வந்து போகிற எல்லாரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "தூக்க வேணாம்ண்ணே, நாந் தள்ளிக்கிறேன்" என்று ரஞ்சிதா கைத்தடியை ஊன்றி எழுந்தாள். வலது கையில் தடி, இடது கையில் வண்டி. வாசலில் புதிதாகக் கொட்டிப் பரப்பியிருந்த மணலில் மற்றவர்கள் கால் புதையப் புதைய நடந்தார்கள். வண்டியின் பெரிய முன் சக்கரமோ சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி அவள் காட்டிய பக்கம் திரும்பியது. சுவரோரம் நின்ற ஆட்டோவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். தினமும் அது நிற்கிற இடம்தான். மூன்று சக்கர வண்டிகள் இரண்டும் அக்கம்பக்கமாக நிற்க, இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்த மனிதரை ஐஸ் பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

ரஞ்சிதாவின் மாமனார் உடையப்பன், அரிமளத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஆட்டோ ஓட்டியவர். நேற்றுச் சாயங்காலம் கடைசி சவாரியை இறக்கிவிட்டு வந்து, வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டார். முதலில் பார்த்தது ரஞ்சிதாதான். அசதியில் கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்து, "மாமா, டீ ஆறுது" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள்.

ஓசூரில் வேலை பார்க்கும் அவள் கணவன் நிலவழகன் விடிந்ததும் வந்து சேர்ந்தான். வந்தவன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். மாமியார் அமிர்தவல்லி மட்டும் அழவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணாடியில் படிகிற ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பாப்பா வண்டி வீட்டுக்கு வந்த கதை ஒரு சண்டையில்தான் ஆரம்பித்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது சைக்கிளில் போனவளை லாரி இடித்து, ரஞ்சிதாவின் இடது கால் குட்டையாகிப் போனது. தடி இல்லாமல் நடக்க முடியாது. தடியைப் பிடித்தால் பிள்ளையைத் தூக்க முடியாது. பாப்பாவுக்கு மூன்று மாதம் ஆகும்போது ஒருநாள் துணிந்து தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனவள் படியில் தடுமாறிவிட்டாள். விழவில்லை, ஆனாலும் அன்றைக்குப் பிடித்த பயம் விடவே இல்லை. தடுப்பூசிக்குப் போனால்கூட மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவாள், பெற்றவள் பின்னால் போவாள். பார்ப்பவர்கள் ஒரு மாதிரி உச்சுக்கொட்டுவார்கள். அந்த உச்சுக்கொட்டல்தான் ரஞ்சிதாவுக்குக் கால் வலியைவிடப் பெரிய வலி.

போனில் ஒரு வண்டியைப் பார்த்து வைத்திருந்தாள். ரோஸ் கலர், நான்கு சின்னச் சக்கரம், மேலே குஞ்சம் தொங்கும் குடை. வீட்டில் எல்லாருக்கும் காட்டினாள். மாமா போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, சக்கரத்தை மட்டும் பார்த்தார்.

"கொடையெல்லாம் சோக்காத்தான் இருக்கு. சக்கரம் சட்டைப் பட்டன் தண்டில இருக்கே தாயி. நம்ம தெருச் சரளைல ஓடுமா?"

"அதெல்லாம் ஓடும் மாமா."

"இரு, நாம் பாத்து எடுத்தாரேன்."

பத்து நாள் கழித்து அவர் ஆட்டோவின் பின்சீட்டிலிருந்து இறங்கியது கறுப்பு வண்டி. குடை உண்டு, குஞ்சம் இல்லை. சக்கரம் மூன்றே மூன்று, அதுவும் சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் சக்கரம் மாதிரி. ரஞ்சிதாவுக்கு முகம் தொங்கிப்போனது. உடனே நிலவழகனுக்குப் போன் போட்டு, "ஒங்கப்பாவுக்கு மூணு சக்கரத்தத் தவிர ஒலகத்துல வேற ஒண்ணும் கண்ணுல படாதா?" என்று பொரிந்து தள்ளினாள். திரும்பினால் கதவருகில் மாமா. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவரோ சிரித்தார்.

"முப்பத்திரண்டு வருசம் சோறு போட்ட சக்கரம். கவுத்திராது தாயி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. சக்கரம் வைத்த எதுவும் எலுமிச்சம்பழம் நசுக்காமல் தெருவில் இறங்கக்கூடாது என்பது ஆட்டோக்காரர் சட்டம். மறுநாள் பிள்ளையார் கோயில் முன்னால் பாப்பா வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. மூன்று சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொரு பழம். "பாப்பாவுக்கு லைசென்ஸ் போட்டாச்சாண்ணே?" என்று ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் கிண்டல் செய்ய, ரஞ்சிதா வெட்கம் பிடுங்கித் தின்னத் தள்ளினாள். பின்சக்கரத்துப் பழங்கள் இரண்டும் பிதுங்கின. முன் சக்கரத்துப் பழம் மட்டும் நசுங்காமல் நழுவி ஓடிவிட்டது. நான்கு பேர் முகத்தைச் சுளிப்பதற்குள் மாமா அதைப் பொறுக்கிக் காக்கிச் சட்டையில் துடைத்தார்.

"எம்பேத்திக்கு வெயிட்டு பத்தல, அம்புட்டுத்தான். தேறட்டும், அப்ப நசுக்கிக்கிருவோம்" என்று ஆட்டோவின் முன்பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.

வேண்டாவெறுப்பாகத்தான் ரஞ்சிதா அந்த வண்டியைத் தெருவில் இறக்கினாள். மூன்றாவது நாளே குஞ்சம் மறந்துபோனது. அங்கன்வாடி, ரேஷன் கடை, ஊருணிக்கரை என்று ஐந்து மாதமாக அந்த வண்டி போகாத இடமில்லை. அடுத்த தடுப்பூசிக்கு அவளே பிள்ளையைக் கொண்டுபோனாள். "கூட யாரும் வரலியாம்மா?" என்று நர்ஸ் கேட்டபோது, "இல்ல, நாந்தான் வந்தேன்" என்று நிமிர்ந்து சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் என்னென்னவோ சொல்ல நினைத்தாள். அவர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஊசி போட்டாச்சு."

"சரி தாயி."

அவ்வளவுதான் பேச்சு. மாமனாருக்கு நன்றி சொல்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. எந்த வீட்டில்தான் இருக்கிறது? நாளைக்குச் சொல்லலாம், நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று அவளும் தள்ளிப்போட்டபடியே இருந்தாள்.

மத்தியானம் ஊருணியிலிருந்து நீர்மாலைக் குடம் எடுத்து வந்து, குளிப்பாட்டி, உடலைப் பந்தலின் நடுவில் கிடத்தினார்கள். அடுத்தது நெய்ப்பந்தம். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துத் தாத்தாவை மூன்று முறை சுற்றி வரவேண்டும். உடையப்பனுக்கு இருப்பது ஒரே பேத்தி. காரியங்களை முன்னின்று நடத்தியவர் உடையப்பனின் அண்ணன் ஆண்டியப்பன். அவர் தன் இன்னொரு தம்பியின் மகள் கார்த்திகாவைக் கூப்பிட்டார்.

"ஏத்தா கார்த்திகா, நீ புள்ளயத் தூக்கிக்க. பந்தத்துல அது கைய வச்சு, மூணு சுத்து சுத்தி வந்துரு. ரஞ்சிதா இப்புடி ஒக்காரட்டும், பாவம்."

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனாலும் அந்தப் 'பாவம்' ரஞ்சிதாவுக்குச் சுருக்கென்று தைத்தது. மாமாவைச் சுற்றி நடக்கிற கடைசி நடை இது. இதிலும் தன் பிள்ளை வேறொருத்தி இடுப்பில் போகும், தான் உட்கார்ந்து பார்க்கவேண்டும். அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல இனிமேல் வேறு வழியும் இல்லை. வாயைத் திறக்கத்தான் நினைத்தாள். ஊரே கூடியிருக்கிற இடத்தில் வாய் வரவில்லை.

அந்த நேரத்தில் மாலையோடு ஒருவர் பந்தலுக்குள் வந்தார். நாற்பது வயதிருக்கும். மாலையைப் போட்டுக் கும்பிட்டவர், கக்கத்தில் இடுக்கியிருந்த ஓர் அலுமினியக் கைத்தடியை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விழித்தார்.

"எம்பேரு ஜஸ்டினுங்க. புதுக்கோட்டை கீழராஜ வீதில புள்ளைங்க சாமான் கடை வச்சிருக்கேன். இது அண்ணனோடதுங்க. வண்டி எடுத்தன்னிக்கிக் கடையிலயே மறந்து வச்சுட்டாரு. பெறகு வந்து வாங்கிக்கிறேன்னாரு. இந்தக் காலை வச்சுக்கிட்டு இத்தன வருசம் ஆட்டோ ஓட்டிருக்காரே மனுசன்."

"காலா? எந்தம்பிக்குக் காலுல என்ன?" என்றார் ஆண்டியப்பன். "நல்லாத்தானய்யா நடந்தான்."

ரஞ்சிதா அந்தத் தடியைப் பார்த்தாள். பிடியில் பச்சைத் துணி சுற்றியிருந்தது. கை வலிக்கிறதென்று அவளே தாவணியைக் கிழித்துச் சுற்றியது. மாற்றுத்திறனாளி முகாமில் புதுத் தடி கொடுத்த பிறகு கதவு மூலையில் கிடந்த பழைய தடி. காணவில்லை என்றதும், பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது என்று நினைத்திருந்தாள்.

"மாமா இதோடயா கடைக்கு வந்தாங்க?" என்று கேட்டாள்.

"மூணு தடவம்மா. வலது கைல தடிய ஊனிக்கிட்டு, எடது கையால மட்டுந்தான் தள்ளிப் பாப்பாரு. நொண்டி நொண்டி நடப்பாரு. வீட்டுலேருந்து ஒரு பூசணிக்காயத் தூக்கிட்டு வந்து, பாப்பாவாட்டம் ஒக்கார வச்சு பெல்ட்டு போட்டாரு. கடைக்குள்ள டைல்ஸ்ல எல்லா வண்டியுந்தான்யா ஓடும்னுட்டு, ரோட்டோரமாக் கெடந்த ஜல்லி மேல ஏத்துனாரு. நாலு சக்கர வண்டி அத்தனையும் ஒத்தக் கைக்கு நிக்காம ஒருபக்கமா இழுத்துக்கிட்டுப் போச்சு. ரெண்டு தடவ விழுகப் பாத்தாரு. கடசியா மூணு சக்கரத்த எடுத்ததும் ஒத்தக் கையிலயே திரும்புச்சு பாருங்க, பூசணிக்காயக் கட்டிப்புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. 'இது போதும்யா, இனிமே அது யாரையும் எதிர்பாக்க வேணாம்'னாரு. யாரச் சொல்றாருன்னு நாங் கேக்கலம்மா."

காலையிலிருந்து வாய் திறக்காத அமிர்தவல்லி, "அந்தப் பூசணிக்காய நான் ரெண்டு நாளு தேடுனேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ரஞ்சிதா தடியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புதுத் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பழைய தடியை ஊன்றி எழுந்தாள்.

"பெரிய மாமா, நானே புள்ளயக் கூட்டிட்டு வாரேன். வண்டில வச்சுத் தள்ளிக்கிட்டு."

"அதெப்புடித்தா? சாமி காரியம் மாதிரி இது. சக்கர வண்டில வச்சு நெய்ப்பந்தம் எந்த ஊருல புடிச்சிருக்காக?"

"அது சும்மா வண்டி இல்ல மச்சான்" என்றாள் அமிர்தவல்லி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவுக பூச போட்டு எடுத்த வண்டி. சுத்தட்டும்."

ஆண்டியப்பன் தம்பியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு வழியில் கிடந்த செருப்புகளை அவரே காலால் ஒதுக்கிவிட்டார்.

பாப்பாவின் விரல்களைப் பந்தத்தில் ஒருமுறை வைத்து எடுத்து, கார்த்திகா பந்தத்தைத் தள்ளிப் பிடித்தபடி கூடவே நடந்தாள். ரஞ்சிதாவின் வலது கையில் பழைய தடி, இடது கையில் வண்டி. முதல் சுற்றில் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்தாள். இரண்டாவது சுற்றில் தரையைப் பார்க்கவில்லை. யாரும் உச்சுக்கொட்டவில்லை. மூன்றாவது சுற்றில் மாமாவின் தலைமாட்டுக்கு வந்ததும் வண்டியை நிறுத்திக் குனிந்தாள்.

"ரொம்ப நல்லா ஓடுது மாமா" என்றாள்.

பக்கத்தில் நின்ற கார்த்திகாவுக்கு மட்டும் அது கேட்டது.

தெருமுனை வரைதான் பெண்கள் போகலாம். சொர்க்க ரதம் வளைவில் திரும்பி, கொட்டுச் சத்தமும் தேய்ந்த பிறகு, எல்லாரும் வீடு கழுவித் தலைமுழுகத் திரும்பினார்கள். பாப்பா வண்டியிலேயே தூங்கிப்போயிருந்தாள். ரஞ்சிதா வண்டியை ஆட்டோவுக்குப் பக்கத்தில், வழக்கமான இடத்தில் நிறுத்தினாள். பழைய தடியை எங்கே வைப்பது என்று யோசித்து, ஆட்டோவுக்குள் அவர் உட்காரும் சீட்டில் சாய்த்து வைத்தாள். வைக்கும்போது முன்பெட்டி கண்ணில் பட்டது. திறந்தாள். ஒரு சீப்பு, விபூதிப் பொட்டலம், லைசென்ஸ் ஜெராக்ஸ். மூலையில் காய்ந்து பழுப்பேறி, பாக்குப் போலச் சிறுத்துப்போன ஓர் எலுமிச்சம்பழம்.

ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, பழத்தைப் பாப்பா வண்டியின் முன் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். பிள்ளை விழிக்காதபடி வண்டியை ஒரு தள்ளுத் தள்ளினாள். சின்னதாக நொறுங்குகிற சத்தம் கேட்டது. பிள்ளை தேறித்தான் இருந்தாள்.

வாசல் கழுவக் குடத்தோடு வந்த அமிர்தவல்லி அதைப் பார்த்தாள். அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் தண்ணீர் தெளித்தாள்.