வழியனுப்பும் சாப்பாடு

தலைமையாசிரியர் அந்தத் தாளை நீட்டியபோது ரூய்பிங் கையுறையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. ஜனவரி பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஹீட்டர் குழாயில் முதுகை ஒட்டவைத்தபடி உட்கார்ந்திருந்தார் மனுஷன். தாள், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் படிவம். வெளிநாட்டு டீச்சர் ஹேசல் இன்னொரு பருவம் இருக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது.

"ரூய்பிங் டீச்சர், உங்கள விட்டா இதுக்கு ஆளில்ல. அந்தப் பொண்ணு உங்ககிட்டதான் மனசுவிட்டுப் பேசுது. வெள்ளைக்கார டீச்சர் இருக்குன்னு கேள்விப்பட்டு இந்த வருஷம் எத்தன பேர் புள்ளைங்கள இங்க கொண்டாந்து சேத்தாங்க தெரியுமா?"

"பேசிப் பாக்குறேன் சார்."

"பேசிப் பாத்தா போதாது. கையெழுத்தோட வாங்க."

வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள். பன்னிரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. தினமும் கைப்பையைத் திறந்தாள், சாவியை எடுத்தாள், மூடினாள். ஹேசலிடம் மூச்சுவிடவில்லை.

ரூய்பிங்குக்கு நாற்பத்து மூன்று வயது. சீனாவின் ஷான்ஷி மாநிலத்தில், நிலக்கரி லாரிகள் இரவும் பகலும் தூசி கிளப்பிக்கொண்டு போகும் அந்தச் சின்ன ஊரின் பள்ளியில் இருபத்தொரு வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் ஓர் உயிருள்ள ஆளை அவள் நேரில் பார்த்தது போன செப்டம்பரில்தான். ஸ்டேஷனுக்கு அழைத்து வரப் போயிருந்தாள். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பழகிய வரவேற்பை ஒப்பித்தாள். "எங்கள் ஊருக்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம். தங்கள் பயணம் இனிதாக அமைந்திருக்கும் என நம்புகிறேன்." ஸ்காட்லாந்திலிருந்து வந்த அந்த இருபத்தொன்பது வயதுப் பெண் இரண்டு பெட்டிகளோடு நின்று பேந்தப் பேந்த விழித்துவிட்டு ஏதோ கேட்டாள். மறுபடி கேட்டாள். மூன்றாவது முறை கையால் ஜாடை காட்டிய பிறகுதான் கழிப்பறை எங்கே என்று கேட்கிறாள் என்பது விளங்கியது. அன்று வீட்டுக்கு வந்து ரூய்பிங் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

"அது பேசுனது இங்கிலீஷே இல்லயோ என்னவோ," என்றான் அவள் புருஷன் பாவ்ஷெங். லாரி ஓட்டுகிறவன், நல்லவன், ஆறுதல் சொல்கிறேன் என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறவன். "இருவத்தோரு வருஷம் படிச்சுக் குடுத்திருக்க. உனக்கே புரியலன்னா தப்பு அதும் மேலதான்."

பிறகு நடக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் மாலைப் படிப்புக்கு உட்காருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், மைதானத்து ஓடுதளத்தில் இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஹேசல் சுடுதண்ணீர் பாட்டிலைக் கையை விட்டு இறக்காமல் திரியப் பழகினாள். கால்சட்டைக்குள் கம்பளிக் கால்சட்டை போடப் பழகினாள். எதைத் தின்றாலும் அதன் தலையில் வினிகரை ஊற்றப் பழகினாள். முன்பின் தெரியாதவர்கள் வழிமறித்துச் சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டால் சீன மொழியிலேயே, "உங்க பையன் இருந்தா சொல்லுங்க," என்று பதில் கொடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். ரூய்பிங்கின் ஆங்கிலத்திலிருந்து 'தங்கள்' போனது, 'என நம்புகிறேன்' போனது. பத்துச் சுற்று முடிந்தாலும் பேச்சு முடிவதில்லை.

அக்டோபரில் ஒருநாள் ஹேசல் சும்மா கேட்டாள், உனக்கு ஒரே பொண்ணுதானா என்று.

"இன்னொண்ணு இருந்துச்சு," என்றாள் ரூய்பிங். "அஞ்சாம் மாசம். அப்ப ஒரு புள்ளைக்கு மேல கூடாதுன்னு சட்டம். பெத்துக்கிட்டா டீச்சர் வேல போயிடும்னு சொன்னாங்க. வேலைய வெச்சுக்கிட்டோம்."

சொல்லிவிட்டுத்தான் தன் காதில் அது விழுந்தது. பதினாலு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. பாவ்ஷெங்கிடம்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. சொந்த மொழியில் அந்தப் பேச்சை எடுத்தால் ஆஸ்பத்திரி நடையின் மருந்து நெடி வரும், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற பாவ்ஷெங்கின் முதுகு வரும். ஆங்கிலத்திலோ அவை கரும்பலகையில் எழுதிப்போட்டு ஐந்து தடவை சொல்லுங்கள் என்று பிள்ளைகளை ஓதவைக்கிற வெறும் சொற்கள். அழாமல் சொல்ல முடிந்தது. ஹேசல் அவள் கையைக் கோத்துக்கொண்டாள். அப்படியே மிச்ச ஏழு சுற்றும் நடந்தார்கள்.

அந்த மொழிக்குள்ளே தானே இன்னொரு ஆளாக இருப்பதை அன்றுதான் ரூய்பிங் கண்டுபிடித்தாள். அந்த ஆளுக்குப் பயம் கிடையாது. கல்யாணத்தன்று எனக்குச் சந்தோஷமாக இல்லை என்று அவள் சொல்லுவாள். ஒரு தடவை கடலைப் பார்க்க வேண்டும் என்பாள். தலைமையாசிரியரை மண்டூகம் என்பாள், அதுவும் அவர் பத்தடி தள்ளிப் போய்க்கொண்டிருக்கும்போதே! சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஹேசல் போய்விட்டால் அந்த ஆள் எங்கே போவாள்?

அப்படியிருந்தும் படிவத்தை எடுக்கக் கை வரவில்லை. கேட்டால், கேட்பது பள்ளிக்கூடமா ரூய்பிங்கா என்று ஹேசலுக்கு எப்படித் தெரியும்? அதோடு, அவளுடைய அக்காவுக்குப் பிப்ரவரியில் பிரசவம். வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேன் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். அவளிடம் போய் எந்த முகத்தோடு 'இரு' என்பது? பதின்மூன்றாம் நாள் தலைமையாசிரியரிடம் போய், "கேட்டேன் சார், ஒத்துக்கல," என்று புளுகினாள். இருபத்தொரு வருஷத்தில் அவரிடம் சொன்ன முதல் பொய் அதுதான்.

ஹேசல் கிளம்புகிற நாளன்று மதியச் சாப்பாடு ரூய்பிங் வீட்டில். காலையிலேயே மாவு பிசைந்து ஈரத்துணி போட்டு மூடினாள். செலரியும் ஆட்டிறைச்சியும் பொடியாகக் கொத்தி இஞ்சி சேர்த்துப் பூரணம் தயாராக வைத்தாள். ஹேசல் வருவதற்கு அரைமணி முன்னால் பாவ்ஷெங் கை துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். பூரணம் கிண்ணத்தில் தொடாமல் இருந்தது. அவள் மாவைக் கயிறாகத் திரித்து இழுத்து இழுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடியே! என்ன பண்ற நீ? ஊருக்குப் போற புள்ளைக்கு நூடுல்ஸா?"

"ஏன், அவளுக்குப் பிடிக்கும்."

"புத்தி பிசகிடுச்சா உனக்கு? ஊர்லருந்து வந்து எறங்குறவங்களுக்குத்தான நூடுல்ஸ் போடுவாங்க, காலக் கட்டிப் போட்டாப்ல இங்கயே இருக்கட்டும்னு. போறவங்களுக்குக் கொழுக்கட்டைதான? பால்குடிப் புள்ளைக்குக்கூட இது தெரியும். பூரணத்தச் செஞ்சு வெச்சுட்டு நூடுல்ஸ் இழுக்குறா பாரு!"

"மாவு அப்படி வந்துடுச்சு."

"மாவு தானா வருதாக்கும்!"

அவளுக்கும் தெரியவில்லை. கொழுக்கட்டைக்குத்தான் பிசைந்தாள். உருண்டை பிடிக்கப் போன கை திரிக்கத் தொடங்கிவிட்டது, அவள் நிறுத்தவில்லை. அவ்வளவுதான்.

ஹேசல் குளிரில் மூக்குச் சிவக்க வந்து உட்கார்ந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். சாப்பிடும் குச்சிகளை எடுத்த கை கிண்ணத்துக்குப் போகவில்லை. நவம்பரில் புவியியல் ஆசிரியர் மாற்றலாகிப் போனபோது ஆசிரியர் அறையில் எல்லாரோடும் உட்கார்ந்து கொழுக்கட்டை மடித்தவள் அவள். அவளுக்கா தெரியாது?

"ரூய்பிங்," என்றாள் ஆங்கிலத்தில். "கொழுக்கட்ட இல்லயா?"

"இல்ல."

பாவ்ஷெங் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஆங்கிலத்தில் அவனுக்குத் தெரிந்தது ஓகே ஒன்றுதான்.

"நீ போகக் கூடாதுன்னு எனக்கு ஆச," என்றாள் ரூய்பிங். "ஸ்கூலுக்காக இல்ல, எனக்காக. என் பையில ஒரு தாள் கெடக்கு. நீ கையெழுத்துப் போட வேண்டியது. ரெண்டு வாரமா உங்கிட்ட காட்டல."

"ஏன் காட்டல?"

"உங்கக்கா காத்திருப்பாங்கல்ல. ஆனா நீ போயிட்டா நான் இப்படி யார்கிட்ட பேசுவேன், சொல்லு? எனக்குன்னு யாரு இருக்கா?"

ஹேசலின் கண் நிறைந்து வழிந்தது. அவள் தாளைக் கேட்கவில்லை. ரூய்பிங்கும் எடுக்கவில்லை. ஹேசல் குனிந்து நூடுல்ஸைச் சாப்பிடத் தொடங்கினாள். ஒரு இழையையும் கடித்துத் துண்டாக்காமல் உறிஞ்சினாள். கிண்ணம் பாதியானதும் நிறுத்தினாள்.

"இதுக்கு மேல முடியல ரூய்பிங்."

"பரவால்ல. வெச்சுடு."

"என்னவாம்? ஏன் அழுவுது?" என்றான் பாவ்ஷெங்.

"மொளகா ஜாஸ்தியாம்."

"நூடுல்ஸ் வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்ல!" கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினான்.

பஸ் நிலையத்தில் அவன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது ஹேசல் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அவன் கையில் முக்குக் கடையில் வாங்கிய கொழுக்கட்டைகள், முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையில் சுடச்சுட. ஜன்னலைத் தட்டித் திறக்கவைத்து உள்ளே திணித்தான்.

"சாப்புடும்மா! எல்லாம் வேணாம், ஒண்ண மட்டும் இப்பவே வாயில போட்டுக்க. நல்லபடியா போய்ச் சேரணும்ல!"

இந்தச் சீனம் ஹேசலுக்கு நன்றாகவே புரியும். பையை மடியில் வைத்துக்கொண்டு ரூய்பிங்கைப் பார்த்தாள். டிரைவர் ஹாரன் அடித்தான். டிக்கெட்காரி ஜன்னலை மூடச் சொல்லிக் கத்தினாள். பஸ் நகர்ந்தது, ரூய்பிங் கூடவே நாலெட்டு நடந்தாள். ஹேசலின் கை ஜன்னல் வழியாக வெளியே நீண்டது. பையை ரூய்பிங்கின் கையில் வைத்து, விரல்களை அதன்மேல் மடக்கி அழுத்திவிட்டு விலகிக்கொண்டது.

"பாத்தியா!" என்றான் பாவ்ஷெங், வேகமெடுத்த பஸ்ஸைப் பார்த்தபடி. "ஒண்ணக்கூடத் தொடல. வயிறு ரொம்பிடுச்சா, இல்ல கடைக் கொழுக்கட்ட பிடிக்கலயா?"

ரூய்பிங் பையைப் பார்த்தாள். கடைக்காரர் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. பையின் சூடு கையுறையைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்துகொண்டிருந்தது.