மடகாஸ்கர் பக்கம்

அண்ணனின் நெஞ்சின் மேல் அந்தப் பச்சை நோட்டை வைத்துவிட்டு வீரபாண்டி கையை எடுத்தான். குவைத் பிணவறையில் பெட்டியை மூட ஆள் வந்து நின்றாகிவிட்டது. மாலை விமானத்தில் பெட்டி ஊருக்குப் போகிறது.

"நோட்ட எதுக்குடா உள்ள வைக்கிற?" என்றார் அறைக் கூட்டாளி அகமது கபீர்.

"அண்ணன் எழுதுனது அண்ணனோடவே போகட்டும் பாய். வேற யாருக்கு இது புரியப்போகுது?"

அண்ணன் பன்னீர்செல்வம் ஏசி மெக்கானிக். பத்தாவது தாண்டாதவர். போகிற வீட்டிலெல்லாம் வேலை முடித்து ஏணியை விட்டு இறங்கியதும், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பணிப்பெண்களை ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லி, வேறு சில சொற்களும் கேட்டு, இந்த நோட்டில் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வார்.

"இவங்க எல்லாரும் தைவான்லேர்ந்து படகுல கிளம்புன சனம்டா. அந்தப் பக்கம் ஈஸ்டர் தீவு, இந்தப் பக்கம் மடகாஸ்கர். பாதி பூமியச் சுத்தியும் ஒரே மாதிரி எண்ணுறத மறக்கல பாரு!" என்பார்.

"அவங்க எண்ணுறது இருக்கட்டும்ணே. நீ லீவுக்கு நாள எண்ணு" என்று வீரபாண்டி கிண்டலடிப்பான்.

பதினொரு வருடமாக நோட்டின் மடகாஸ்கர் பக்கத்தில் மட்டும் தமிழ்ச் சொற்களுக்கு எதிரே காலி. போன வாரம்தான் ஒருத்தி கிடைத்தாள், வெள்ளிக்கிழமை சந்திக்க ஒத்துக்கொண்டாள் என்று சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். வியாழக்கிழமை டூட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை.

இரண்டு பெண்கள் தயங்கியபடி உள்ளே வந்தார்கள். ஒருத்தி பிலிப்பைன்ஸ் நர்ஸ் மரிட்டெஸ். நோட்டின் முதல் பக்கமே அவளுடையதுதான். மற்றவள் உடைந்த அரபியில் ஏதோ சொன்னாள். கபீர் கேட்டுச் சொன்னார்.

"இவதான் அந்த மடகாஸ்கர்க்காரி, பேரு சுவா. வர்றேன்னு வாக்குக் குடுத்தாளாம். எண்ணிச் சொல்லிட்டுப் போறேங்கிறா."

சுவா பெட்டிப் பக்கம் குனிந்து, அவருக்குக் கேட்க வேண்டுமே என்பதுபோல் நிதானமாக எண்ணினாள். "இசா, ருவா, தெலு..." மரிட்டெஸ் சட்டென்று நிமிர்ந்தாள். சுவா "வாலு" என்று எட்டுக்கு வந்தபோது மரிட்டெஸும் தன் மொழியில் "வாலோ" என்றாள். அதுவரை அரபியில் மட்டுமே பேசிக்கொண்ட இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வீடு ஏணி தூக்கிய மனுஷன் இவ்வளவு பெரிய கடலைப் பார்த்திருக்கிறார். வீரபாண்டி பெருமையோடு அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

"யல்லா" என்று அவசரப்படுத்தினான் பெட்டி மூடுகிறவன்.

வீரபாண்டி நோட்டை வெளியே எடுத்தான். கபீரின் பேனாவை வாங்கி, சுவாவைத் திரும்பச் சொல்லச் சொல்லி, பத்தையும் எழுதினான். அதற்குக் கீழே அண்ணனின் கையெழுத்தில் அடுத்த சொல் காத்திருந்தது: கண்.

அவன் விரலால் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினான். விரல் நனைந்தது. சுவா சொன்னாள். எழுதிக்கொண்டான்.