மாறிப்போன கன்னம்

டிவியில் பனி விழுந்துகொண்டிருக்கிறது, தெர்மாகோலைச் சீவிய பனி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு மூலையிலிருந்து பெரிய மின்விசிறி அதை ஊதிவிட, வியர்த்துக் கிடக்கும் அவள் கன்னத்தில் ஒரு துணுக்கு வந்து ஒட்டிக்கொள்கிறது, அவள் அதோடேயே அழுகிறாள், அதோடேயே ஜெபிக்கிறாள், யாராவது ஒருவர் அதைத் தட்டிவிட்டிருக்கலாம், படம் எடுக்கிற இடத்தில் இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று நினைக்கையிலேயே எனக்குக் கண் செருகுகிறது, நடுச்சாமப் பூசைக்கு நின்ற கால்கள் இன்னும் வலிக்கின்றன, பிரியாணியின் கனம் வயிற்றில், கிறிஸ்மஸ் நாளின் பிற்பகல் எங்கள் தூத்துக்குடி வீட்டில் எப்போதும் இப்படித்தான், விழா முடிந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிற நேரம். நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் பனி வேறு மாதிரி விழும், முழங்கால் அளவுப் பனியில் அவன் நடந்தான் என்று முதன்முதலில் வாசித்தபோது எனக்குத் தெரிந்த பனியெல்லாம் மார்கழியில் தலையில் இறங்கிச் சளி பிடிக்கவைக்கிற பனிதான், அது எப்படி முழங்கால் வரை வரும், துண்டு கட்டாமல் ஏன் நடக்கிறான் என்று கவலைப்பட்டேன், இப்போதும் டிவியைப் பார்த்து அம்மா அதையே சொல்கிறாள், தலையில ஒண்ணும் போடாம நிக்கா பாரு, நாளைக்கு மூக்கு ஒழுகும்.

சும்மா பாருக்கா, சாமி சொன்ன படம்லா, என்கிறாள் பக்கத்து வீட்டு பெர்னதெத் சித்தி, தட்டில் கல்கல் பலகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாயில் போட்டபடி. உண்மைதான், பூசை முடிவில் பங்குச் சாமியார் அறிவித்திருந்தார், பிற்பகல் மூன்று மணிக்கு டிவியில் ஒரு நல்ல விசுவாசப் படம், குடும்பப் பிரச்சினை உள்ளவர்கள் கட்டாயம் பாருங்கள் என்று, அப்போது எங்கள் வரிசையில் இருந்த அத்தனை முக்காடுகளும் எமி அக்காவின் பக்கம் திரும்பின. அக்கா புருஷன் வீட்டிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றாள், இடது கன்னத்தில் கருநீலமாக இருந்தது பச்சையாகி இப்போது மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் பவுடரை அப்பிக்கொண்டு பூசைக்கு வந்தாள். வழுக்கி விழுந்தவளுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்புகூட இல்லையே என்று நான் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை, ஆனால் அம்மா கிளாட்சன் அத்தானோடு போனில் பேசியிருந்தாள், பொழுது சாய வாங்க மாப்பிள்ள, கூட்டிட்டுப் போங்க, என்று. அக்காவிடம் சொன்னதும் அதுதான், படத்தப் பாரு, பாத்துட்டுக் கிளம்பு, ஜெபிக்க ஜெபிக்க மனசு மாறும்ட்டி, நான் முழங்கால்ல நின்னு ஜெபமால சொன்னேன், ஒங்கப்பா மாறலையா. அக்கா சுவரில் சாய்ந்து தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் அவள் பை, மடித்த சேலைகளோடு.

அப்பா மாறிய கதை எங்கள் வீட்டின் பொக்கிஷம், தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டங்களில் அம்மா அதைச் சாட்சியாகச் சொல்லுவாள், குடித்துக்கொண்டிருந்த மனிதரை மாதா தொட்டார், அன்றோடு வீடு அமைதியாகிவிட்டது, ஆமென் என்று பெண்கள் சொல்லுவார்கள், நானும் சொல்லுவேன், எனக்குத் தெரிந்த அப்பா அந்த மாறிய அப்பாதான், நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் எனக்குச் சவ்வு மிட்டாய் நீட்டுகிறவர், இடது கையால் கையெழுத்துப் போடப் பழகுகிறவர், வலது கை மடியில் தூங்கும் பூனைக்குட்டி மாதிரி கிடக்கும், அப்பா இடக்கைக்காரர் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். மாலை போட்ட அவர் படம் இப்போது கிறிஸ்மஸ் குடிலுக்கு மேலே தொங்குகிறது, அக்காவும் நானும் கட்டிய குடில், வைக்கோல் கூரை, கூரைமேல் மருந்துக்கடைப் பஞ்சைப் பிய்த்து வைத்த பனி, மின்னும் விளக்குகள் அப்பாவின் முகத்தைச் சிவப்பாக்கிப் பச்சையாக்குகின்றன.

படம் நகர மறுக்கிறது. புருஷன் குடித்துவிட்டு வருகிறான், தள்ளாடுவதை அவன் பள்ளி ஆண்டுவிழாவில் கற்றிருக்க வேண்டும், அடுப்படியில் அவளை அறைகிறான், அவள் பாடுகிறாள், பாட்டு முடிந்தபாடில்லை, சித்தி கொட்டாவி விடுகிறாள், இவ பாட்டக் கேட்டுத்தான் அவன் குடிக்கான் போல, என்கிறாள், அம்மா அவளை முறைக்கிறாள். பிறகு அந்தப் பெண் கோயிலுக்குப் போகிறாள், வீங்கிய முகத்தோடு மாதா முன்னால் மண்டியிடுகிறாள், பாதித் தூக்கத்தில் இருந்த அம்மா திடீரென்று நிமிர்ந்து உட்காருகிறாள், மாத்திப் போட்டுட்டானுவ, என்கிறாள். என்னத்தக்கா? என்கிறாள் சித்தி. அடிய. அடுப்படியில இந்தக் கன்னம் வீங்கியிருந்துச்சு, கோயில்ல அந்தக் கன்னம். மைய மாத்திப் பூசிட்டானுவ, வலக்கைக்காரன் அடிச்சா இந்தப் பக்கந்தான வீங்கும். சொல்லும்போதே அம்மாவின் கை எழும்பித் தன் இடது கன்னத்தைத் தொடுகிறது, தேடாமலே நேராக அந்த இடத்துக்குப் போகிறது, நெற்றியிலிருந்து சிலுவை போடுகிற கை போல.

நான் அந்தக் கையைப் பார்க்கிறேன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோயிலில் இருக்கிறேன், மிகச் சின்னவள், அம்மாவின் மடியில், அண்ணாந்தால் அம்மாவின் முக்காடு, மற்றப் பெண்களுக்கு அது தலையோடு நிற்கும், அம்மாவுக்கு மட்டும் இடது பக்கம் இறங்கிப் பாதி முகத்தை மூடும், முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வாள், எவ்வளவு பக்தி என்று நினைப்பேன், வீட்டில் பூசை விளையாட்டு விளையாடும்போது துண்டை இடது பக்கம் இழுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு நான்தான் அம்மா என்பேன், ஒருநாள் அம்மா அந்தத் துண்டை வெடுக்கென்று பிடுங்கினாள், ஏன் பிடுங்கினாள் என்று இத்தனை வருடம் தெரியாமல் இருந்தது. சித்தி கல்கல் தட்டைக் கீழே வைக்கிறாள். டிவி மட்டும் ஜெபிக்கிறது. அப்புறம் அக்காதான், தரையிலிருந்து, இல்லம்மா, சரியாத்தான் எடுத்திருக்கான், அவ மறு கன்னத்தையும் காட்டிருப்பா, என்கிறாள், சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள், வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை, சித்தியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், நானும், அம்மாகூட, சிரிக்கச் சிரிக்க அக்காவுக்குக் கன்னம் வலிக்கிறது, பிடித்துக்கொள்கிறாள், பவுடர் கையோடு வந்துவிடுகிறது.

எந்த ஊரிலும் பெய்யாத பனி பெய்கிறது, மணி அடிக்கிறது, மணிச் சத்தம் கேட்டதும் புருஷன் குப்பியை எறிந்துவிட்டு ஓடிவந்து அவள் காலில் விழுகிறான், அவள் மன்னித்துவிடுகிறாள், மறுபடியும் அந்தக் கன்னம், அந்தத் துணுக்கு, நன்றி என்று எழுத்து. அவ்வளவுதானா? என்கிறாள் சித்தி. இதுக்கா சாமி பூசையில சொன்னாவ. ஒரு மணிச் சத்தத்துலயா மாறுவான்? அம்மா டிவியை அணைக்கிறாள். அணைத்த திரையில் நாங்கள் நாலுபேரும் மங்கலாகத் தெரிகிறோம், அதைப் பார்த்தபடியே அம்மா சொல்கிறாள், யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை, அவுக மாறல. வாதத்துல வலக்கை விழுந்துட்டு. பிறகு இன்னும் மெல்ல, நான் மாதாதான்னு நெனச்சுக்கிட்டேன்.

தெருவில் பைக் நிற்கிற சத்தம், ஹாரன், அக்காவின் கை தன்னாலே பையின் காதைப் பிடிக்கிறது. இரு, என்கிறாள் அம்மா. வாசல் கதவைத் திறக்காமல் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று, மாப்பிள்ள, அவ வரல, என்கிறாள், வெளியே அத்தான் ஏதோ கேட்கிறார், போனில் வரச் சொன்னீங்களே என்கிற மாதிரி, ஆமா சொன்னேன், இப்ப சொல்லுதேன், வரல, அம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை, எத்தனையோ பூசைகளுக்கு நின்று அலுத்த குரல். ஹாரன் இன்னும் இரண்டு மூன்று முறை. சித்தி எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறாள்.

அடுப்படியில் தண்ணீர் சூடாகிற சத்தம், அம்மா கல்லுப்பு போட்ட கிண்ணத்தோடு வருகிறாள், துணியைத் தேடுகிறாள், அகப்படவில்லை, குடிலின் முன்னால் ஒரு நொடி நின்று கூரைமேலிருந்த பனியை முழுசாக அள்ளி எடுக்கிறாள், குழந்தை இயேசுவுக்குமேல் வெறும் வைக்கோல். பனி கிண்ணத்துக்குள் சுருங்குகிறது. தரையில் உட்கார்ந்து அக்காவின் இடது கன்னத்தில் அதை ஒத்துகிறாள், சுடுதும்மா, பொறுட்டி, ஒத்துகிறாள், பவுடர் கரைந்து மஞ்சள் வெளியே வருகிறது, அதை எல்லோரும் பார்க்கிறோம், அக்கா மறைக்கவில்லை. கையை எடுக்கும்போது பஞ்சின் ஒரு துணுக்கு கன்னத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மா குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்து, நகத்தால் மெல்ல அதை எடுத்துவிடுகிறாள்.